பெயர் கேட்காத கடை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, விடுதியில் உணவு முடிந்து கை கழுவிக்கொண்டு வரும்போது, முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அண்ணா, ஆதாரும் பான் அட்டையும் கேட்காமல் பிட்காயின் விற்கும் இடம் ஏதேனும் உண்டா?" என்று மெல்லக் கேட்டார்.

கேட்டவர் கள்ளப்பணம் வைத்திருப்பவர் அல்லர். மாதக் கடைசியில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதே அவருக்குப் பெரும்பாடு. "ஏன் தம்பி, பெயரைச் சொல்ல அச்சமா?" என்றேன். "பெயரைச் சொல்ல அச்சமில்லை, அண்ணா. சொன்ன பெயர் எங்கெங்கே போய்ச் சேருமோ என்றுதான் அச்சம்" என்றார்.

அவர் அச்சம் பொருளற்றது என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் தேடிய கடையைக் காட்டவும் மனம் வரவில்லை. அன்றிரவு அவருக்குச் சொன்ன விடையைச் சற்றே விரித்து இங்கே எழுதுகிறேன். இந்த வளாகத்தில் அதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பதை நான் அறிவேன்.

விலாசமும் மனிதனும்

வாணிகத்தில் பெயர் கேட்பது இன்று நேற்று வந்த வழக்கம் அன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், ஒவ்வொரு கடைக்கும் 'விலாசம்' என்று ஒன்று இருந்தது. அது தெருப்பெயரும் வீட்டு எண்ணும் அன்று. கடைக்கு உரியவர்களின் முன்னெழுத்துக்களைக் கோத்து அமைத்த அடையாளம். ஓர் ஊரில் எழுதிய உண்டியலைக் காட்டி மற்றோர் ஊரில் பணம் பெற முடிந்ததற்குக் காரணம் என்ன? அந்த விலாசத்தின் பின்னால் இன்ன குடும்பம் நிற்கிறது என்பதைக் கொடுப்பவரும் வாங்குபவரும் அறிந்திருந்தமையே. சில எழுத்துக்கள்தாம், ஆனால் அவற்றின் பின்னே மனிதர்கள் இருந்தார்கள்.

பிட்காயினிலும் விலாசம் உண்டு. முப்பது நாற்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட தொடர் அது. ஆனால் அதன் பின்னால் நிற்பவர் யார் என்பதை அது சொல்வதில்லை. பழைய விலாசத்துக்கும் புதிய விலாசத்துக்கும் உள்ள இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னர் வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

நாணயம் பெயர் கேட்பதில்லை

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பிட்காயின் என்னும் அமைப்பு எவரிடமும் பெயர் கேட்பதில்லை. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் இதன் திட்டத்தை வெளியிட்டனர். 2009 சனவரி 3-ஆம் நாள் அது தொடங்கியது. ஆக்கியவரின் உண்மைப் பெயரே இன்றளவும் உறுதியாகத் தெரியாதபோது, பயன்படுத்துபவரின் பெயரை அது எவ்வாறு கேட்கும்?

அதில் கணக்குத் தொடங்க விண்ணப்பம் வேண்டா, புகைப்படம் வேண்டா. வேண்டுவது ஓர் இரகசிய எண் மட்டுமே. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து 256 முறை சுண்டுங்கள். தலை விழுந்தால் 1 என்றும், பூ விழுந்தால் 0 என்றும் எழுதுங்கள். கிடைக்கும் தொடர் ஓர் எண்ணாகும். அவ்வாறு கிடைக்கக்கூடிய எண்கள் எத்தனை என்று கணக்கிட்டால், விடை 78 இலக்கம் கொண்டதாக வரும். ஆகவே நீங்கள் சுண்டிப் பெற்ற எண்ணை இன்னொருவர் தற்செயலாகப் பெறுவார் என்று அஞ்ச வேண்டுவதில்லை. இந்த எண்தான் சாவி. வளைகோட்டுக் கணிதத்தின் துணையால் இதிலிருந்து ஒரு பொது எண்ணைப் பெறலாம். பொது எண்ணிலிருந்து விலாசத்தைப் பெறலாம். ஆனால் விலாசத்திலிருந்து சாவிக்குத் திரும்பி வர இயலாது. எண்ணெயைப் பிழிந்தபின் எள்ளைத் திரும்பப் பெற முடியாதது போன்றது அது.

நாணயத்தைப் பிறருக்கு அனுப்பும்போது, சாவியைக் கொண்டு ஒரு மின்கையொப்பம் இடுகிறோம். சாவியைக் காட்டாமலே, சாவி நம்மிடம் உண்டு என்பதை அக்கையொப்பம் மெய்ப்பிக்கிறது. உலகெங்கும் உள்ள பல்லாயிரம் கணிப்பொறிகள் அதைச் சரிபார்த்து, எல்லாருக்கும் பொதுவான ஒரு பேரேட்டில் பதிந்துவிடுகின்றன.

ஆகவே, அடையாளம் இல்லாமல் பிட்காயின் பணப்பை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், விடை: வைத்துக்கொள்ளலாம், அதில் மறைவு ஒன்றும் இல்லை. ஆனால் அது வெறும் பை. அதனுள் நாணயம் வந்தாக வேண்டுமே! நம் கையில் இருப்பதோ ரூபாய். தொல்லை தொடங்குவது ரூபாய், பிட்காயினாக மாறும் வாசலில்தான்.

வாசலில் நிற்கும் சட்டம்

1989-ஆம் ஆண்டு, ஏழு பெரிய தொழில் நாடுகள் கூடி, குற்றப் பணத்தை வெள்ளைப் பணமாக மாற்றுவதைத் தடுக்க ஒரு பன்னாட்டுக் குழுவைப் பாரிசில் அமைத்தன. 'உன் வாடிக்கையாளர் யார் என்று அறி' என்பது அக்குழு உலகப் பாங்கிகளுக்குச் சொன்ன அடிப்படை விதி. கே.ஒய்.சி. என்று நாம் நாள்தோறும் கேட்கும் மூன்றெழுத்தின் பொருள் இதுவே. 2019-இல் அக்குழு, கிரிப்டோ நாணயத்தை மாற்றித் தரும் நிறுவனங்களும் அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இருவரின் பெயரையும் பெற்றுப் பகிர வேண்டும் என்று வரையறுத்தது.

நம் நாட்டில் நடந்தவற்றையும் வரிசையாகக் காண்போம். 2018 ஏப்ரலில் ரிசர்வ் பாங்கி, கிரிப்டோ வாணிகத்துக்குத் துணை போகக்கூடாது என்று பாங்கிகளுக்கு ஆணையிட்டது. 2020 மார்ச் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளுபடி செய்தது. 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், கிரிப்டோ இலாபத்துக்கு 30 விழுக்காடு வரியும், விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு முன்பிடித்தமும் விதித்தது. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழித்துக்கொள்ளவும் இடமில்லை. 2023 மார்ச் 7-ஆம் நாள், இத்தொழில் நடத்துவோர் அனைவரும் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். அன்று முதல் அவர்கள் மைய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெறவும், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கவும் கடமைப்பட்டவர்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியருக்கு விற்பவர்களும் இதற்கு விலக்கு அல்லர். 2023 திசம்பர் 28-ஆம் நாள் பைனான்சு, குகாயின், கிராக்கன் முதலிய ஒன்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விளக்கம் கேட்டு அறிவிப்புச் சென்றது. அடுத்த மாதமே அவற்றின் தளங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டன. பின்னர்ப் பதிவு பெற்ற பைனான்சு, 2024 சூனில் 18 கோடியே 82 இலட்சம் ரூபாய் தண்டத்துக்கு உள்ளாயிற்று.

இவற்றிலிருந்து பெறப்படுவது ஒன்று. இந்தியாவில் பிட்காயின் வாங்குவது குற்றம் அன்று. ஆனால் இந்தியருக்கு அதை விற்றுவிட்டுப் பெயர் கேட்காத நிறுவனம் சட்டத்துக்குப் புறம்பே நிற்கிறது. அங்கே பொருள் வாங்கியவருக்கு ஏதேனும் நேர்ந்தால், முறையிடும் கதவு அடைபட்டே இருக்கும்.

நால்வகைக் கடைகள்

"அடையாளம் வேண்டா" என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களை நால்வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, உள்ளே போகும்போது கேட்காமல், வெளியே வரும்போது கேட்கும் கடை. மின்னஞ்சல் ஒன்று கொடுத்தால் போதும் என்பார்கள். பணம் உள்ளே போகும். திரும்ப எடுக்கும் நாளில், "தங்கள் கணக்கில் ஐயம் தோன்றியுள்ளது, கடவுச்சீட்டும் முகப்படமும் அனுப்புக" என்று கடிதம் வரும். மறைக்க எண்ணியதை நெருக்கடியில் கொடுக்க நேரும்; கொடுத்தாலும் பணம் வருமோ வராதோ! வேறு சில கடைகள் உண்மையாகவே கேட்காதிருந்து பின்னர் மாறியவை. சேப்சிப்ட் என்ற நிறுவனம் 2014 முதல் கணக்கே இல்லாமல் ஒரு நாணயத்தை மற்றொன்றாக மாற்றிக் கொடுத்தது. 2018-இல் அதுவும் அடையாளம் கேட்கலாயிற்று. இன்று கேட்காத கடை நாளையும் கேட்காது என்று நம்புவதற்கு இல்லை.

இரண்டாம் வகை, ஆளுக்கு ஆள் நேரே விற்றுக்கொள்ளும் சந்தை. பின்லாந்தில் 2012-இல் தொடங்கிய லோக்கல்பிட்காயின்சு இதற்குப் பேர்போனது. விற்பவரின் நாணயத்தைச் சந்தை பிடித்து வைத்துக்கொள்ளும்; வாங்குபவர் பணத்தை விற்பவரின் பாங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புவார்; "பணம் வந்தது" என்று விற்பவர் சொன்னதும் நாணயம் கைமாறும். அந்தச் சந்தையும் நாளடைவில் அடையாளம் கேட்கத் தொடங்கி, 2023-இல் மூடப்பட்டது. ஆனால் அம்முறை மூடப்படவில்லை. பல செயலிகளில் அது இன்றும் நடந்து வருகிறது. இதில் கவனிக்க வேண்டுவது ஒன்று. சந்தை பெயர் கேட்காமல் இருக்கலாம். பணம் போகும் பாங்கி கேட்டிருக்கிறதே! யு.பி.ஐ. வழியாக ஒரு ரூபாய் அனுப்பினாலும் அங்கே பெயர் இருக்கிறது. இதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்வேன்.

மூன்றாம் வகை, கடைக்காரனே இல்லாத கடை. 2018 நவம்பரில் வந்த யூனிசுவாப் இதற்குச் சான்று. இது ஒரு நிறுவனத்தின் கல்லாப்பெட்டி அன்று. ஈத்தீரியம் என்னும் பேரேட்டில் எழுதி வைத்த ஒரு கணக்கு விதி. ஒரு தொட்டியில் 'அ' நாணயம் 100, 'ஆ' நாணயம் 100 என்று இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 10,000. இப்பெருக்குத்தொகை மாறக்கூடாது என்பதே விதி. நீங்கள் 'அ' நாணயம் 25 போட்டால் தொட்டியில் 'அ' 125 ஆகும். அப்போது 'ஆ' 80 இருந்தால்தான் பெருக்குத்தொகை 10,000 ஆக நிற்கும். ஆகவே 'ஆ' நாணயம் 20 உங்களுக்கு வரும். கட்டணம் நீங்கலாகக் கணக்கு இவ்வளவே. பள்ளிக்கூடக் கணிதத்தைக் கொண்டு ஒரு சந்தையையே நடத்திக் காட்டிய திறத்தை நான் மிகவும் வியக்கிறேன். கணிதத்துக்குப் பெயர் தேவையில்லை. எனவே அது கேட்பதில்லை. ஆனால் அத்தொட்டியில் ரூபாயைப் போட முடியாது. ஏற்கனவே கிரிப்டோ நாணயம் வைத்திருப்பவருக்கே அது பயன்படும். போலி நாணயம் ஒன்றைப் படைத்து அங்கே தொட்டி வைக்கவும் எவருக்கும் தடையில்லை. பெயர் கேட்காத இடத்தில் நாணயத்தின் பெயரையும் நம்புவதற்கில்லை.

நான்காம் வகை, கலவைக்கடை. பலரது நாணயங்களை ஒன்றாகக் கலந்து, யாருடையது எது என்று தெரியாதவாறு திருப்பித் தருவது இதன் தொழில். டொர்னாடோ கேஷ் என்பதன்மீது அமெரிக்க அரசு 2022 ஆகத்தில் தடை விதித்தது. வடகொரியத் திருடர்கள் அதைப் பயன்படுத்தினர் என்பது குற்றச்சாட்டு. 2025 மார்ச்சில் அத்தடை நீக்கப்பட்டது. இதற்கிடையே 2024-இல் நெதர்லாந்து நீதிமன்றம் ஒன்று அதை ஆக்கியவர்களுள் ஒருவருக்கு ஐந்தாண்டு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. தனிமையை நாடுவது குற்றமா என்னும் வழக்கு உலகில் இன்னும் முடியவில்லை. மாணவர்களாகிய நாம் அவ்வழக்கைப் படிக்கலாம். அதில் ஒரு கட்சிக்காரராகப் போய் நிற்க வேண்டுவதில்லை.

மறவாத பேரேடு

"பெயர் கொடுக்காமல் எப்படியோ வாங்கிவிட்டேன், இனி என்னை யார் அறிவார்?" என்று நினைப்பவரும் உண்டு. அவர் பேரேட்டை மறந்துவிட்டார். பேரேடு அவரை மறப்பதில்லை.

பாங்கிக் கணக்கு பாங்கிக்கும் நமக்கும் மட்டுமே தெரியும். பிட்காயின் பேரேட்டையோ எவரும் திறந்து பார்க்கலாம்; 2009 முதல் நடந்த ஒவ்வொரு மாற்றமும் அதில் இருக்கிறது. 2013-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன் தலைப்பிலேயே 'பெயரில்லா மனிதர்கள்' என்னும் பொருள்படும் தொடர் இருந்தது. அவர்கள் கையாண்ட வழி எளியது. ஒருவர் 700 ரூபாய் கொடுக்க, ஒரு பையிலிருந்து 500-ம் மற்றொரு பையிலிருந்து 200-ம் எடுத்தால், இரண்டு பைகளும் அவருடையவை என்று ஊகிக்கலாம் அல்லவா? பேரேட்டில் இப்படிச் சேர்ந்து வரும் விலாசங்களை எல்லாம் ஒரே குவியலாகச் சேர்த்தார்கள். பின்னர்த் தாங்களே பல நிறுவனங்களிடம் முந்நூறுக்கும் மேற்பட்ட முறை பணம் போட்டும் எடுத்தும் பார்த்து, எந்தக் குவியல் எந்த நிறுவனத்துக்கு உரியது என்று பெயர் ஒட்டினார்கள். ஒரு விலாசத்துக்குப் பெயர் தெரிந்துவிட்டால், குவியல் முழுவதற்கும் பெயர் தெரிந்துவிடுகிறது.

இதன் விளைவை இரண்டு நிகழ்ச்சிகளால் அறியலாம். 2016 ஆகத்தில் பிட்பினெக்சு என்ற சந்தையிலிருந்து 1,19,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் திருடப்பட்டன. திருடியவர் அவற்றை ஆயிரக்கணக்கான சிறு மாற்றங்களாகப் பிரித்து, பல வழிகளில் சுற்ற விட்டார். ஐந்தரை ஆண்டுகள் சென்றன. 2022 பிப்ரவரியில் நியூயார்க்கில் கணவன் மனைவி இருவர் கைதாயினர். 94,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் மீட்கப்பட்டன. சுற்றிய நாணயத்தில் ஒரு பகுதி, அவர்கள் தம் சொந்தப் பெயரில் வைத்திருந்த கணக்குகளுக்கு வந்து சேர்ந்திருந்தது.

மற்றொன்று, 2012-இல் சில்க்ரோடு என்னும் கள்ளச் சந்தையிலிருந்தே ஏறத்தாழ 50,000 பிட்காயின்களை ஒருவர் திருடியது. கள்ளச் சந்தையில் நடந்த திருட்டை யார் தேடப் போகிறார்கள்? ஆனால் ஒன்பது ஆண்டு கழித்து, 2021 நவம்பரில், ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அவர் வீட்டைக் காவலர்கள் சோதனையிட்டனர். குளியலறை அலமாரியில் சோளப்பொரி டப்பா ஒன்று. அதனுள் துணிகளுக்கு அடியில் ஒரு சிறு கணிப்பொறி. அதில் இருந்தன நாணயங்கள்.

இவர்கள் பெரும் திருடர்கள். நமக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நான் சொல்ல வருவது திருட்டைப் பற்றி அன்று, பேரேட்டைப் பற்றி. அத்தனை திறமையும் அத்தனை பணமும் உடையவர்களே மறைய இயலாத இடத்தில், செயலியில் ஒரு பெட்டியை நிரப்பாமல் விட்டதனால் நாம் மறைந்துவிட்டோம் என்று எண்ணுவது பேதைமை.

அப்படியானால் பெயரில்லாதவர் யார்?

இனி என் நண்பர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் ஆய்வு மாணவர், நம்மவர், பெயர் வேண்டா. சில மாதங்களுக்கு முன், கைவசம் இருந்த டெதர் என்னும் டாலர் மதிப்பு நாணயத்தை, பெயர் கேட்காத ஒரு நேர்விற்பனைச் சந்தையில் 22,000 ரூபாய்க்கு விற்றார். சந்தை விலையைவிட ரூபாய்க்கு ஐந்து காசு கூடுதலாகக் கிடைத்தது என்று எங்களுக்குத் தேநீரும் வாங்கிக் கொடுத்தார்.

ஐந்து வாரம் கழித்து, உணவுக்கூடக் கட்டணம் செலுத்தப் போனவருக்குக் கணக்கு முடங்கியிருப்பது தெரிந்தது. ஆய்வு உதவித்தொகை முழுவதும் அதில் இருந்தது. பாங்கியில் உசாவியபோது, அவர் கண்ணால் கண்டிராத ஒரு மாநிலத்தின் காவல் நிலையப் பெயரைச் சொன்னார்கள்.

நடந்தது இது. வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரை யாரோ ஏமாற்றிவிட்டனர். ஏமாற்றியவன் அப்பணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்லவில்லை. என் நண்பரிடம் டெதர் வாங்குவதற்குரிய விலையாக, ஆசிரியரின் பணம் நேரே என் நண்பரின் கணக்குக்கு வந்தது. நண்பர் நாணயத்தை விடுவித்தார். ஏமாற்றியவன் அதை எடுத்துக்கொண்டு மறைந்தான். ஆசிரியர் 1930 என்ற தொலைபேசி எண்ணில் முறையிட்டார். பணம் போன வழியைத் தேடிய காவலர் கண்டது ஒரே ஒரு பெயரை. அது என் நண்பரின் பெயர்.

"நான் திருடவில்லை; விற்றேன்" என்று நண்பர் சொன்னார். யாருக்கு விற்றீர் என்று கேட்டார்கள். அவரிடம் இருந்தது ஒரு புனைபெயரும் நான்கு எண்களும் மட்டும். சந்தைக்கு எழுதினார், அவர்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. யாரிடமும் எதையும் கேட்கவில்லை என்பதுதானே அச்சந்தையின் பெருமை! கணக்கு விடுபட நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் அவர் நண்பர்களிடம் கடன் வாங்கிச் சாப்பிட்டார். ஊரில் அம்மாவுக்குச் செய்தி தெரியாமல் பார்த்துக்கொண்டார். தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "உதவித்தொகை இன்னும் வரவில்லை, அம்மா" என்று பொய் சொன்னார்.

நண்பர்களே, நான் சொல்ல விரும்பும் கருத்து முழுவதும் இந்தக் கதையில் அடங்கியிருக்கிறது. பெயர் கேட்காத கடையில் பெயரில்லாதவர் நாம் அல்லர். நம் பெயர் பாங்கியில் இருக்கிறது. கைப்பேசி எண்ணில் இருக்கிறது. விடுதிப் பதிவேட்டில் இருக்கிறது. அங்கே பெயரில்லாமல் நிற்பவர் எதிரே இருப்பவர். அவருக்குத் திரையாக நம் பெயர் பயன்படுகிறது.

இதைவிடக் கொடிய வடிவம் ஒன்றும் உண்டு. "உன் கணக்கைச் சில நாள் எங்களுக்குக் கொடு; வரும் தொகையில் இத்தனை விழுக்காடு தருகிறோம்" என்று மாணவர்களிடம் வருவார்கள். அது வாடகை அன்று, வலை. அதில் விழுந்தவருக்கு என் நண்பரைப்போல் "அறியாமல் செய்தேன்" என்று சொல்லும் வாய்ப்பும் இல்லை.

அச்சத்திலும் நியாயம் உண்டு

அப்படியானால், கேட்ட இடத்தில் எல்லாம் ஆதாரைக் கொடுத்துவிடலாமா? நான் அவ்வாறு சொல்லவில்லை. தம்பியின் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு.

2020-இல் லெட்சர் என்னும் பணப்பைக் கருவி விற்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் வெளியாயிற்று. ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை ஊரறியப் பரவின. 2025 மேயில் காயின்பேசு என்னும் பெரிய அமெரிக்கச் சந்தை, தன் வாடிக்கையாளர் உதவிப் பணியாளர் சிலர் கையூட்டுப் பெற்றுக்கொண்டு விவரங்களை விற்றுவிட்டதாக அறிவித்தது; ஏறத்தாழ 69,000 பேர் பாதிக்கப்பட்டனர்; சிலருடைய அடையாள அட்டைப் படங்களும் அவற்றுள் அடங்கும். அடையாளம் கொடுத்துவிட்டால் பணத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடும் என்றும் இல்லை. முறையாக அடையாளம் பெற்று நடந்த நம் நாட்டு வசீர்எக்சு சந்தையிலிருந்து 2024 சூலையில் 23 கோடி டாலர் அளவுக்குத் திருட்டுப் போயிற்று. பாங்கியில் போட்ட பணத்துக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோ நாணயத்துக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை.

ஆகவே பெயர் கேட்காத கடையும் தீங்கு. பெயர் கேட்கும் கடையும் முழு நன்மை அன்று. இவற்றின் இடையே மாணவர் ஒருவர் எவ்வாறு நடப்பது? எனக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: பெயரைக் கொடுப்பதானால், நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்ற ஓர் இடத்தில் மட்டும் கொடுங்கள், பத்து இடத்தில் கொடுக்காதீர்கள். கொடுத்த இடங்கள் குறைந்தால், கசியும் வழிகளும் குறையும்.

இரண்டு: ஆதாரின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த படியை அரசே தருகிறது. ஏற்கும் இடத்தில் அதையே கொடுங்கள். அட்டையின் படியைக் கொடுக்க நேர்ந்தால், இன்ன நாள், இன்ன காரியத்துக்கு என்று அதன்மேல் எழுதிக் கொடுங்கள்.

மூன்று: வாங்கிய நாணயத்தைச் சந்தையிலேயே விட்டு வைக்காமல், சொந்தச் சாவியுள்ள பணப்பைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நம் அமைப்பில் பெயர் இல்லாமல் நடக்கும் உரிமையான வழி இதுதான். ஆனால் சாவியை இழந்தால் திருப்பித் தர எவராலும் முடியாது. அதைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைக்காதீர்கள்.

நான்கு: முன்பின் அறியாதவரிடம் ரூபாய் பெற்றுக்கொண்டு நாணயம் விற்காதீர்கள். உதவித்தொகை வரும் கணக்கில் இந்த வாணிகத்தை அறவே தவிருங்கள்.

ஐந்து: ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கும் அது வேண்டும். வம்பு வந்தால் அதுவே சாட்சி.

தம்பிக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தபோது மணி பதினொன்று ஆகிவிட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அப்படியானால், அண்ணா, பெயரைக் கொடுக்க அஞ்சினால் வாங்காமல் இருப்பதே மேல் என்கிறீர்களா?" என்று கேட்டார்.

"ஆம் தம்பி. வாங்காமல் இருப்பவனின் பெயர் எந்தப் பட்டியலிலிருந்தும் கசிவதில்லை" என்றேன்.

அவர் சிரித்தார். "அந்த ஐந்நூறு ரூபாய்க்கு வேறு என்ன செய்யலாம்?" என்றார். தீபாவளிக்கு ஊருக்குப் போக இரயில் முன்பதிவு அடுத்த நாள் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அங்கேயும் பெயர் கேட்பார்கள். ஆனால் அந்தப் பெயர் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் எது என்பது நமக்கு நன்றாகத் தெரியும்.